மாமனார் பேர்

என் மாமனார் பேர் சென்னியப்பன். எழுதிவிட்டேன். கை நடுங்கவில்லை, இடி விழவில்லை, அடுப்பில் பால்கூடப் பொங்கி வழியவில்லை. இந்த ஒரு பேரை வாயால் சொல்லாமல் இருந்ததற்காகத்தான் என் இளமை மொத்தமும் அந்த வீட்டு ஆண்பிள்ளைகளின் கைக்கும் காலுக்கும் போய்ச் சேர்ந்தது. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

வஜ்ஜிரக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாதாமாதம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற படக்கதைப் புத்தகம். அட்டையில் நடுவே முறுக்கு மீசையோடு நிற்கிற பெரிய வஜ்ஜிரர்தான் என் மாமனார். வலப்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவர் என் வீட்டுக்காரர் ஜெகநாதன். இடப்பக்கம் ஒரு காலை மடக்கிப் பறக்கிற பாவனையில் இருப்பவன் கொழுந்தன் லோகு. பின்னால், சாமி படத்தில் மேகம் வரைகிற இடத்தில், ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள். ஒன்று மாமியார் பாவாத்தாள். இன்னொன்று நான், அம்சவேணி. எனக்கு அதில் முகமே ஒழுங்காகப் போட்டதில்லை. மூக்குத்தி மட்டும் தெளிவாக இருக்கும்.

குலதெய்வம் கொடுத்த வரம் என்று புத்தகத்தில் கதை விடுவார்கள். பெரியவர் பேரைச் சொன்னதும் வானத்திலிருந்து மின்னல் இறங்குமாம், மாயசக்தி குடும்பம் மொத்தத்துக்கும் பங்காகுமாம். பங்காம் பங்கு! அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தவளைக் கேளுங்கள், பங்கு என்றால் என்னவென்று சொல்கிறேன்.

வரமும் கிடையாது, மின்னலும் கிடையாது. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், குண்டுமணி அளவில் ஒரு சாமான். வீட்டில் அதற்கு மணி என்று பேர். மாமனார் கோயம்புத்தூரில் பம்புசெட் செய்து பெரிய ஆளானவர். தண்ணீரை ஓரிடத்திலிருந்து உறிஞ்சி இன்னோரிடத்தில் கொட்டுவதிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்கு, மனுஷத் தெம்பையும் அப்படி உறிஞ்சலாமே என்று தோன்றியிருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்களைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு மணி வைத்து, சாதித்தும் காட்டிவிட்டார். ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு மணி இருந்தால், ஐந்து பேரின் தெம்பும் ஒருவர் உடம்பில் போய் இறங்கும். அந்த ஒருவர் பஸ்ஸைத் தூக்கலாம், மாடிக்கு மாடி தாவலாம்.

தாலி ஏறின கையோடு எனக்கும் மணி வைத்தார்கள். "அம்மிணி, இனி நீயும் வஜ்ஜிரக் குடும்பம்" என்று மாமனார் என் தலையில் கை வைத்தார். கல்லூரி விடுதியில் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துப் படித்தவள் நான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்க வேண்டும்.

கல்யாணமாகி வந்த முதல் கிருத்திகை. முருகனுக்கு விரதம், பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது இரண்டு காலும் துவண்டு, ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால், வாயில் பிராந்தி வாடை. தொண்டையில் சில்லி சிக்கன் ஏப்பம். நான் கோழி தின்று ஒரு வாரம் ஆகியிருந்தது, பிராந்தியை என் வாழ்நாளில் மோந்து பார்த்ததில்லை. மாடி ஓரம் போய் ஓங்கரித்தேன். வெறும் வயிற்றிலிருந்து என்ன வரும்? வாடைதான் வந்தது.

கீழே இறங்கினால் டிவியில் லோகு. உக்கடம் பக்கம் பள்ளத்தில் சாய்ந்த பஸ்ஸைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். டிவிக்கு எதிரே சக்கர நாற்காலியில் மாமியார். அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை, பார்த்தால் எண்பது சொல்வார்கள். சர்க்கரை வியாதி என்று ஒறம்பரை சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அத்தை, வாயெல்லாம் என்னமோ மாதிரி வருதுங்க. சாராய நாத்தம்."

"வரும் கண்ணு" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவிய நம்ம தெம்பை எடுத்துக்குவாங்க. வேலை முடிஞ்சா மிச்சத்தைத் திருப்பி அனுப்புவாங்க."

"மிச்சம்னா?"

"களைப்பு, வேர்வை, தின்னது, குடிச்சது. எச்சில்தான், வேறென்ன."

"தம்பி எச்சிலுங்களா, அத்தை?"

அத்தை வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஒரு வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்க. தெரியாது" என்றார்.

புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இருந்தது, எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவே அப்படிச் சாப்பிட்டிருக்கிறாள். அதுவாவது இலையோடு போயிற்று. இங்கே எனக்கு வாய்க்குள்ளேயே கொழுந்தன் பரிமாறினான். சீ! அன்றிலிருந்து என் சாப்பாட்டை நான் ருசித்துச் சாப்பிட்டதில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனால் யாரோ மென்ற பான்பராக் வரும்.

ஊரைக் காப்பாற்றத்தானே, பொறுத்துக்கொள்வோம் என்றுதான் முதலில் இருந்தேன். சத்தியமாக. வெள்ளத்தில் யாரையாவது தூக்கினார்கள் என்றால் நானும் ஒரு கை கொடுத்த மாதிரிதானே என்று நினைத்துக்கொள்வேன். நாளாக ஆக வெள்ளம் குறைந்தது, கடைத் திறப்புவிழா கூடியது. என் வீட்டுக்காரர் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பெண்ணை நாற்காலியோடு தூக்கிக் காட்டுவார். லோகு ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று பேரைச் சொல்வான், எதற்கு? படம் எடுத்துப் போட. மாமனார் இருக்கிறாரே, பெரிய வஜ்ஜிரர், அவர் ஊறுகாய் பாட்டில் திறக்கப் பேரைச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே அத்தை நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்ததையும் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன். மாமனார் இலையில் உட்கார்ந்து தயிர்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"மாமா, எனக்கும் மணி இருக்குதுங்களே. எனக்கு ஏனுங்க ஒரு நாள்கூடச் சக்தி வரலே?"

நல்ல கேள்வி கேட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்தது. மோட்டாரைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் மலரும்.

"இது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல அம்மிணி. மாடியில ஒரே தொட்டி, வீட்டுக்கு அஞ்சு குழாய். யாரு குழாயைத் திறக்கறாங்களோ அவியளுக்குத் தண்ணி. திறக்கறது எப்படி? என்ற பேரைச் சொல்லணும். அவியவிய தொண்டை அதிர்றதை மணி கேட்டுக்கும். கடைசியா ஆரு சொன்னாங்களோ அவியளுக்குத்தான் போகும். ஒரு தடவை சொன்னா ஒரு டீ குடிக்கிற நேரம் நிக்கும். அம்புட்டுதான்."

"சொல்லாதவிய?"

"சொல்லாதவிய தொட்டி."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "நான் எப்படிங்க மாமா உங்க பேரைச் சொல்றது?"

அவர் சிரித்தார். பிசைந்த சோறு வாய்க்குள் தெரியச் சிரித்தார். "அதானே அம்மிணி! வேற எந்தப் பேரை வெச்சாலும் ஒரு நாளில்லாட்டி ஒரு நாள் வாய்தவறி வந்துரும். இந்த வீட்டுப் பொம்பளைக வாயில என்ற பேரு வருமா? எவனாலயும் உடைக்க முடியாத பூட்டு." ஊறுகாயை நக்கிக்கொண்டார். "உங்க அத்தை வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஒருக்காச் சொன்னதில்ல."

அந்த வழக்கத்தில் எத்தனை ஊறிப்போனவள் நான் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மாமனார் பேரின் முதலெழுத்துகள் வந்துவிடுமே என்று சென்னையை மெட்ராஸ் என்றுதான் சொல்வேன். சென்னிமலை முருகனை "அந்த மலை முருகன்" என்பேன். பேங்கில் ஒருதரம் மாமனார் பேர் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டு அவர் கையிலிருந்த பம்புசெட் விளம்பரத்தில் அச்சடித்திருந்த பேரைக் காட்டினேன். மரியாதை என்று நினைத்துச் செய்தது. அந்த மரியாதையைப் பூட்டாக்கி என் கழுத்திலேயே போட்டிருக்கிறார், பாவி மனுஷன்.

சரி, என்னோடு போகட்டும் என்று இருந்திருப்பேனோ என்னமோ. என் மகள் குயிலிக்குக் காது குத்துவது என்று பேச்சு எடுத்தார்கள்.

ஒரு வயசிலேயே குத்தியிருக்க வேண்டியது. "மண்டை கொஞ்சம் கெட்டியாகட்டும்" என்று மாமனார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். காது குத்துவதற்கும் மண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. குயிலி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, ஒரு இடத்தில் உட்காராமல் வீடு முழுக்கக் குதித்துத் திரிந்த காலம் அது. அவள் சோபாவிலிருந்து சோபாவுக்குத் தாவுவதை மாமனார் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஜெகா, உங்கம்மா தொட்டி வத்திப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரரிடம், நான் காப்பி கொண்டுபோனதைக்கூட லட்சியம் செய்யாமல். "இவ ஒருத்தியை வெச்சு மூணு பேரு ஓட்ட முடியாது. புள்ளைக்குக் காது குத்தறப்பவே மணியையும் வெச்சிரலாம். மண்டபம் பிடி. அந்த மாசப் புத்தகத்துல குட்டி வஜ்ஜிரின்னு போட்டுக்கலாம். என்ற பேரை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்காதீங்க. தாத்தனை அப்பாருன்னே கூப்பிடட்டும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

தனியாகப் பிடித்தேன் அவரை. "ஏனுங்க, அது உங்க புள்ளைங்க."

"அதுக்கு என்ன இப்ப?"

"அத்தையைப் பார்த்துமா கேக்கறீங்க? உங்க தம்பி குடிச்சுட்டு வந்தா அந்த நாத்தம் குயிலி வாயிலயும் வருங்க. அஞ்சு வயசுப் புள்ளை வாயில."

அவர் முகத்தைச் சுளித்தார். அட, அவருக்கும் அருவருத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். "கொஞ்சம் சோர்வா இருப்பா, அவ்வளவுதானே? பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளும் சோர்வாத்தான் இருக்குது. நீ சும்மா அழுது வடியாத வேணி. அப்பா ரோசனை பண்ணாம ஒண்ணும் செய்யமாட்டாரு."

இந்த மனுஷனுக்கா நான் தோசை முறுகலாகச் சுட்டுப் போட்டேன் என்று இருந்தது. அன்றைக்கு அவரைப் பார்த்த அருவருப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிறந்த வீட்டுக்கு ஓடலாம் என்றால், தாய்மாமன் மடிதானே வேண்டும் காது குத்த? என் தம்பி நல்லசிவத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். "அக்கா, ஊரே கையெடுத்துக் கும்பிடற குடும்பம். நீ என்னமோ உளறிட்டிருக்கே. சீர்த்தட்டெல்லாம் வாங்கியாச்சு" என்றான். அவனுக்கு மாமனார் பம்புசெட் ஏஜென்சி தருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனால், அவனே காரில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவான்.

ஒரே வழிதான் இருந்தது. பேரைச் சொல்வது. மொத்தத் தெம்பும் என் உடம்பில் இறங்கும்போது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துச் சுவரைத் தாண்டிவிட்டால் யார் பிடிப்பது? சொல்லிப் பார்த்துவிடலாம் என்று குளியலறையில் பலதடவை வாயைத் திறந்தேன். "செ" வரும். அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பேர்! வெறும் பேர்! மொட்டைமாடியிலிருந்து குதி என்றால்கூடக் குதித்திருப்பேன் போல, அந்த ஒரு பேர் வரமாட்டேன் என்றது. என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

காதுகுத்து நாள் வந்தது. மண்டபம் பிதுங்கியது. வாசலில் வஜ்ஜிரக் குடும்பத்துக்கு ஆளுயரக் கட்அவுட். பிள்ளைகளெல்லாம் லோகுவிடம் கையெழுத்துக்கு முண்டியடித்தார்கள். மணவறையில் நல்லசிவம் சம்மணம் போட்டு உட்கார, மடியில் குயிலி, பட்டுப் பாவாடையோடு. ஆசாரி ஊசியோடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டாக்டர், கையில் மணி வைக்கிற கருவி. தேங்காய்த் துருவியைவிடக் கொஞ்சம் சின்னது. அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுவந்து போட்டோவுக்காக மணவறை ஓரம் நிறுத்தியிருந்தார்கள். கழுத்து நிற்காததால் ஒரு தலையணையை வேறு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, ரொம்ப வலிக்குமா?" என்று குயிலி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எறும்பு கடிச்சாப்பல இருக்கும் கண்ணு" என்றார் மாமனார், நான் வாயைத் திறக்குமுன்.

டாக்டர் அவள் காது மடலை முன்பக்கம் மடக்கினார். பின்னால் அந்தச் சின்ன இடம் தெரிந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நான் விரலால் வழித்துவிடுகிற இடம். அதைப் பார்த்ததும் என் நாக்கில் இருந்த பூட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"சென்னியப்பன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மருமகள் மாமனார் பேரைச் சபையில் சொல்லிவிட்டாள். அந்த அதிர்ச்சியில் வந்திருந்த பெண்கள் வாயில் கைவைத்தார்களே தவிர, மணவறையில் என் வீட்டுக்காரர் முட்டி மடங்கி உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

உடம்பில் என்னமோ இறங்கியது. இறங்கின கையோடு எல்லோருடைய வாயும் என் வாய்க்குள் வந்தது. வீட்டுக்காரரின் பற்பசை, லோகுவின் முந்தின ராத்திரி, மாமனார் குடித்த சுக்குக் காப்பி, எல்லாவற்றுக்கும் அடியில் அத்தையின் கஞ்சியும் மாத்திரையும். ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது: அது இனித்தது. கை காலெல்லாம் அப்படி ஒரு இனிப்பு. இதற்காகத்தான் இவர்கள் இத்தனையும் செய்திருக்கிறார்கள் என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. புரிந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது.

குயிலியை நல்லசிவத்தின் மடியிலிருந்து வாரித் தூக்கினேன். அதற்குள் லோகு சுதாரித்து, "சென்னியப்பன்!" என்று கத்தினான். தெம்பு என்னைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் மறுபடி சொன்னேன், வந்தது. வீட்டுக்காரர் கத்தினார், போயிற்று. மாமனார் தன் பேரைத் தானே கத்தினார். ஒரு மணவறையில் நான்கு பேர் மாறி மாறி "சென்னியப்பன், சென்னியப்பன்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். கூட்டம் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டது. கை தட்டி, கூடவே "சென்னியப்பன்! சென்னியப்பன்!" என்று கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்கூட கெட்டிமேளம் கொட்டச் சொல்லிவிட்டார். அந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது!

அப்போதுதான் அத்தையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை தெம்பு கைமாறும்போதும் அவர் உடம்பு நாற்காலியில் தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு நீலம் பூத்திருந்தது. இன்னும் நான்கு தடவை நான் சொன்னால் அந்த உயிர் போய்விடும். இவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கத்திக்கொண்டிருந்தார்கள். என்னால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

தெம்பு லோகுவிடம் போய் நின்றது. ஒரு எட்டில் வந்து குயிலியை என் இடுப்பிலிருந்து பிடுங்கினான். பிள்ளை வீறிட்டாள். "அண்ணி, கூட்டத்துல மானத்தை வாங்காதீங்க" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. மாமனார் வேட்டியைச் சரிசெய்தபடி டாக்டருக்குக் கண்ணைக் காட்டினார்.

"டேய்."

யார் குரல் என்று தெரியவில்லை. அத்தனை மெல்லிசான குரல்.

"டேய் சென்னியப்பா."

அத்தை. தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தார். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் பெண்டாட்டி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்கிறார். மணிக்கு மரியாதையா தெரியும்? பேர் பேர்தான். லோகுவின் கால் மடங்கியது. குயிலி அவன் பிடியிலிருந்து நழுவி என்னிடம் ஓடிவந்தாள். எனக்கும் கண் இருட்டியது, தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். லோகு வாயைத் திறந்தான். அதற்குள் அத்தை, "சென்னியப்பா, சென்னியப்பா, சென்னியப்பா" என்று மூச்சுவிடாமல் சொன்னார். இத்தனை வருஷம் அடைத்துக் கிடந்தது மொத்தமும் வந்தது. அந்த மூன்று பேருக்கும் நாக்கு அசைக்கிற தெம்புகூட மிஞ்சவில்லை. டாக்டர் கையிலிருந்த கருவியை அத்தை வாங்கினார். அப்பளத்தை நொறுக்குகிற மாதிரி நொறுக்கிக் கீழே போட்டார்.

"புள்ளையைத் தூக்கிட்டுப் போ கண்ணு" என்றார் என்னிடம்.

உறிஞ்சக் கொடுத்தே பழகின உடம்பு, தூணையும் சுவரையும் பிடித்துப் பிடித்துப் போனேன். மறுநாளே ஊருக்கு வெளியே ஒரு டாக்டரம்மாவிடம் போய் மணியை எடுத்துப்போடச் சொன்னேன். காதுக்குப் பின்னால் தையல் இருக்கிறது. இப்போது பொள்ளாச்சியில் ஒரு வாடகை வீடு, ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை. யாருடைய ஏப்பமும் எனக்கு வருவதில்லை.

அந்த வீட்டு வாசல்படி மிதிக்கவே கூடாது என்றிருந்தேன். ஆனால் அத்தையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? என் பிள்ளையை மீட்டுக் கொடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு குயிலியோடு போனேன்.

தெருமுனையிலேயே பக்கத்து வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். "உங்க மாமியாரைப் பார்த்தியா அம்மிணி? படுத்த படுக்கையா கிடக்கற புருசன் பேரை ராத்திரி பகலா ஓதிட்டே இருக்காங்க. ஒரு நிமிசம் நிறுத்தறதில்ல. இந்தக் காலத்துல இப்படியொரு பதிபக்தியை எங்க பாக்கறது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூடத்தில் மூன்று கட்டில் போட்டிருந்தார்கள். மாமனார், என் வீட்டுக்காரர், லோகு. மூன்று பேரும் மல்லாந்து கிடந்தார்கள். கன்னம் ஒட்டி, வாய் பாதி திறந்து, எச்சில் ஒழுகிக்கொண்டு. என்னைப் பார்த்து வீட்டுக்காரருக்குக் கண் மட்டும் அசைந்தது. மணியை எடுத்துவிட்டால் எழுந்து நடக்கலாம். எந்த டாக்டரும் செய்வார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோக ஆள் வந்தால் மாட்டேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்களாம், சமையல்காரம்மா சொன்னார். எடுத்துவிட்டால் சக்தி போய்விடுமே. அத்தை என்றைக்காவது கண்ணயர்வார், அப்போது பேரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்துக் கிடக்கிறார்கள். தூ! மனுஷ ஜென்மங்களா இவர்கள்?

அத்தை ஊஞ்சலில் இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கருகருவென்று முடி வளர்ந்து, பின்னி, பூ வைத்திருந்தார். என்னைவிடச் சின்னவர் மாதிரி தெரிந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. சென்னியப்பா, சென்னியப்பா.

"வா கண்ணு" என்றார், நடுவே நிறுத்தி. "நல்லா இருக்கியா? சென்னியப்பா. மணியை எடுத்துட்டியாமே? சென்னியப்பா. கிறுக்கி."

"நீங்களும் எடுத்துருங்க அத்தை. எங்கூட வந்துருங்க. நான் பார்த்துக்கறேன்."

என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, இலையில் ஈ விழுந்தால் பார்ப்பார்களே, அப்படி. "நானா? சென்னியப்பா. இப்பத்தான் கண்ணு நடக்கறேன். வாசல்ல போய்த் தண்ணி தெளிக்கறேன். உனக்கு என்ன தெரியும்?" தலையைத் திருப்பி மூன்று கட்டில்களையும் பார்த்தார். உதட்டைச் சுழித்தார். "ஆனா இவனுகள்ல இனி ஒண்ணுமில்ல. சென்னியப்பா. மூணும் வத்திப்போச்சு. இந்தத் தைக்குத் தாங்காது."

குயிலி ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஒரு காலில், மறுகாலில், மறுபடி ஒரு காலில். அத்தை அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளை இழுத்து மடியில் வைத்து, கூந்தலை ஒதுக்கி, காது மடலை முன்பக்கம் மடக்கிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு" என்றார் என்னிடம், அத்தனை பிரியமாக. "புள்ளைக்கு இன்னும் காது குத்தலையா?"